தியாவ் ஆற்றங்கரை வாதம்

இந்தியப் பிரஜையாகப் பிறந்து, இந்தியாவிலேயே வரி செலுத்தி, வாக்களித்து, வயதும் ஏறிவிட்ட ஒருவன், இந்தியாவின் இன்னொரு ராஜ்யத்துக்குள் காலடி வைப்பதற்கு அந்த ராஜ்யத்தாரிடம் எழுத்து மூலமாக அனுமதி பெற வேண்டும் என்று சொன்னால் நம் பக்கத்தில் பலர் நம்பமாட்டார்கள். மிஸோரத்தின் லெங்புய் விமான நிலையத்தில் இறங்கியவர்களுக்கு அந்த அவநம்பிக்கை ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற வழியிலேயே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் சிரித்த முகத்துடன் ஓர் உத்தியோகஸ்தர். அவரிடம் அடையாளச் சீட்டைக் காட்டி, புகைப்படத்தையும் கட்டணத்தையும் கொடுத்து, ஐ.எல்.பி. என்று எல்லோரும் சொல்லுகிற உள்கோட்டு அனுமதியைப் பெற்ற பிறகே வெளியே வர முடியும். 1873-ஆம் வருஷத்தில், கல்கத்தாவிலிருந்து ஆண்ட வெள்ளைக்கார அரசாங்கம், தேயிலைத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் மலைஜாதியாருடன் வம்பு வளர்த்துத் தனக்குப் படைச் செலவு வைத்துவிடக் கூடாது என்ற முன்யோசனையுடன் இயற்றிய வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டத்தின் சந்ததி அந்தச் சீட்டு. எவருடைய சௌகரியத்துக்காக அது பிறந்ததோ அவர்கள் கப்பலேறிப் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆயினும் எவரைக் கேளாமல் அது விதிக்கப்பட்டதோ அந்த மலைவாசிகளே அதைத் தங்கள் கவசமாக எடுத்து அணிந்துகொண்டுவிட்டார்கள். அதை யாராவது கழற்றச் சொன்னால் இன்று மிஸோரத்தில் எந்தக் கட்சிக்காரரும் சம்மதிக்கமாட்டார்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. 2025-ஆம் வருஷத்து ஜனவரியில் நான் அங்கே போனது வேறொரு சீட்டைப் பற்றிய சச்சரவைக் கேட்பதற்காக. மியன்மார் என்று இன்று பெயர் வழங்குகிற பர்மாவுக்கும் நமக்கும் நடுவில் 1,643 கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லை ஓடுகிறது. அதில் 510 கிலோமீட்டர் மிஸோரத்தின் பங்கு. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் 16 கிலோமீட்டருக்குள் வசிக்கிற மலைஜாதியார் பாஸ்போர்ட்டோ விசாவோ இன்றி, ஒரு வருஷத்துக்குச் செல்லக்கூடிய எல்லைச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, போய் இரண்டு வாரம் வரை தங்கி வரலாம் என்பது பழைய ஏற்பாடு. 2024 பிப்ரவரியில் மத்திய உள்துறை மந்திரி அமித் ஷா, எல்லை முழுவதற்கும் வேலி போடப் போவதாகவும், இந்தச் சுதந்திரப் போக்குவரத்து ஏற்பாட்டையே ரத்து செய்யப் போவதாகவும் அறிவித்தார். அந்த மாதமே 28-ஆம் தேதி மிஸோரம் சட்டசபை, உள்துறை மந்திரி சப்தங்கா கொண்டுவந்த தீர்மானத்தின் மூலம் இரண்டையும் எதிர்த்தது. வருஷ இறுதியில் வந்து சேர்ந்தது ரத்தும் அல்ல, பழையதும் அல்ல. 16 என்பது 10 ஆயிற்று, ஒரு வருஷச் சீட்டு ஏழு நாள் சீட்டாயிற்று, எல்லை முழுவதற்கும் 43 கடவைகள் என்று குறிக்கப்பட்டன, சீட்டு வழங்கும் பொறுப்பு அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படையிடம் போயிற்று, விரல் ரேகையும் புகைப்படமும் க்யூ.ஆர். குறியும் சேர்ந்துகொண்டன.

தலைநகரான ஐஸ்வாலிலிருந்து எல்லைப்புற ஊரான சம்பாய்க்குப் போகிற பாதை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். சமவெளியில் பழகியவர்கள் இதைக் காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். மலை அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. பகிர்ந்துகொள்ளும் வாடகைச் சுமோ வண்டிகள் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடுகின்றன. நகரத்தை விட்டு வெளியேறுகிற வரையில் எங்கள் வண்டிக்காரர் ஒரு தடவை கூட ஹாரன் அடிக்கவில்லை. முன்னால் நின்ற வரிசை நகரும்வரை, இடப்பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தும் நுழையாமல், மற்றவர்களைப் போலவே காத்திருந்தார். இந்தியாவில் இப்படியும் ஒரு நகரம் இருக்கிறது என்பதை நான் ஊர் திரும்பி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், நம்பினவர்கள் எத்தனை பேர் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். செலிங், கெய்ஃபாங், கவ்ஸால் என்று ஊர்கள் மலைமுதுகின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம் உட்கார்ந்திருக்க, வீடுகளெல்லாம் அதற்கு மேலே வெயிலில் இருக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் தேவாலயம் ஒன்றும், இளைஞர் சங்கத்தின் மண்டபம் ஒன்றும் தவறாமல் கண்ணில் படும்.

வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஷில்லாங்கில் படித்தவராகையால் அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நயமாக இருந்தது. முன் ஆசனத்தில் இருந்த இளைஞர், அடுத்த மாதம் வரவிருந்த கிராம சபைத் தேர்தலில் நிற்பவர். ஆளுங்கட்சியான ஸோரம் மக்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர். முதல் மூன்று மணி நேரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தேநீருக்கு நின்ற இடத்தில், நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதை இளைஞர் கேட்டு அறிந்துகொண்டதுதான் தாமதம், ஆசிரியருக்கும் அவருக்கும் சம்பாஷணை மூண்டு, அங்கிருந்து சம்பாய் வரும்வரை ஓயவே இல்லை.

"ஏழு நாள் போதும் கா பூ," என்றார் இளைஞர், மூத்தோரை அங்கே அழைக்கிற முறையில். "யார் இரண்டு வாரம் தங்குகிறார்கள்? எங்கள் கட்சி போராடியதால்தான் ரத்து என்பது ஏழு நாளாக வந்து நின்றது."

"போராடியது சட்டசபையில். விதி வந்தது டில்லியிலிருந்து," என்றார் ஆசிரியர். "நடுவில் உங்கள் கட்சி எங்கே நின்றது என்பதை நான் பார்க்கவில்லை."

சம்பாய் ஒரு விசித்திரமான ஊர். மிஸோரத்தில் தட்டையான நிலம் என்பது தங்கத்தைவிட அபூர்வம். ஆனால் இங்கே மலைகளுக்கு நடுவில் திடீரென்று தஞ்சாவூர் வயலைப் பெயர்த்து வைத்தாற்போல ஒரு நெல் சமவெளி விரிந்து கிடக்கிறது. ஊர் அதன் ஓரத்து மேட்டின் மேல் இருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் கிழக்கே அடுக்கடுக்காகத் தெரிகிற நீல மலைகளில் எது நம்முடையது, எது பர்மாவினுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்த மலைகளின் மேல் கோடு விழுந்ததே ஓர் அலுவலகக் காரியம்.

அந்தச் சரித்திரத்தை இங்குள்ள அரசியல்வாதிகள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆகையால் நானும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டியதுதான். இன்று மிஸோரமாக இருக்கிற லுஷாய் மலைகளையும் எல்லைக்கு அப்புறத்துச் சின் மலைகளையும் வெள்ளைக்காரர் வங்காளம், அஸ்ஸாம், பர்மா என்ற மூன்று திசைகளிலிருந்து வந்து பிடித்தார்கள். பிடித்த பிறகு, ஒரே ஜனங்களை மூன்று கச்சேரிகள் ஆளுவது அனாவசியம் என்று அவர்களுக்கே தோன்றி, 1892 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு மகாநாடு கூட்டி, இந்தப் பிரதேசம் முழுவதையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவது உசிதம் என்று பெரும்பான்மையோர் அபிப்பிராயம் தெரிவித்தார்கள். நடந்தது பாதி: 1898-இல் வடக்கு லுஷாயும் தெற்கு லுஷாயும் ஒன்றாகி அஸ்ஸாமுக்குப் போயின, சின் மலைகள் பர்மாவோடு நின்றுவிட்டன. 1937-இல் பர்மாவே இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டபோது, மாகாண எல்லையாக இருந்தது தனித்தனி ஆட்சிகளின் எல்லையாயிற்று. பத்து வருஷத்துக்குப் பின் அதுவே தேச எல்லையாயிற்று. 1947-இல் பர்மாவோடு சேரலாம் என்று சொன்ன ஒரு கட்சியே லுஷாய் மலையில் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சுதந்திர இந்தியாவின் அரசாங்கம் 1950-இல் பாஸ்போர்ட் விதிகளை வகுத்தபோது, இந்த எல்லையில் இருபுறமும் 40 கிலோமீட்டருக்குள் வாழ்கிற மலைஜாதியாருக்கு விலக்கு அளித்தது. தலைச்சுமையோடு வந்து 72 மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றது. 1968-இல், மிஸோ கிளர்ச்சி மூண்டிருந்த காலத்தில், பெர்மிட் வந்தது. 2004-இல் 40 என்பது 16 ஆயிற்று. இப்போது 10. எண்கள் போகிற திசையைப் பார்த்தால் எவருக்கும் அடுத்தது என்ன என்று கேட்கத்தான் தோன்றும்.

தலைச்சுமை என்ற அந்த ஏற்பாட்டை நினைத்து நான் சம்பாய்ச் சந்தையில் சற்று நேரம் நின்றேன். இங்குள்ள பெண்கள் மூங்கில் கூடையை முதுகில் சுமக்கிறார்கள். அதைத் தாங்குகிற பட்டையோ நெற்றியின் மேல் கிடக்கிறது. இது தலைச்சுமையா, முதுகுச்சுமையா என்று ஒரு கண்டிப்பான சுங்க உத்தியோகஸ்தர் கேட்டிருந்தால் 1950-ஆம் வருஷத்து விதி என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாது. அப்படி ஒருவரும் கேட்கவில்லை போலும்.

அன்று மாலை இளைஞர் சங்க மண்டபம் ஒன்றில் தேர்தல் கூட்டம். மிஸோரத்துத் தேர்தல்களில் நம்மூரைப் போல ஒலிபெருக்கி ஊர்வலமும் கட்அவுட்டும் பிரியாணிப் பொட்டலமும் கிடையா. தேவாலயத்தின் ஆதரவுடன் 2006-இல் தோன்றிய மிஸோரம் மக்கள் மன்றம் என்ற ஸ்தாபனம், வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் வரிசையாக உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தை நிலைநாட்டியிருக்கிறது. அந்த வழக்கத்தின் சாயல் இந்தக் கூட்டத்திலும் இருந்தது. நான்கு கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சியில், ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளிருக்காக எல்லோரும் கோட்டு அணிந்திருந்தார்கள். பிரார்த்தனையுடன் தொடங்கிற்று. ஆசிரியர் என் காதருகில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார்; சில இடங்களில் மொழிபெயர்ப்பைவிட அவருடைய வியாக்கியானமே அதிகமாக இருந்தது என்பதை அவர் முகம் காட்டிக்கொடுத்தது.

வண்டியில் வந்த இளைஞர் முதலில் எழுந்தார். முதல் மந்திரி லால்துஹோமா டில்லிக்குப் போய்ப் பிரதம மந்திரியையும் உள்துறை மந்திரியையும் நேரில் கண்டு, இந்த எல்லை நம்மைக் கேளாமல் வெள்ளைக்காரன் போட்டது என்று சொன்ன விவரத்தை எடுத்துரைத்தார். லால்துஹோமாவின் பூர்வாசிரமம் சுவாரசியமானது: ஐ.பி.எஸ். அதிகாரியாக இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர். பிறகு லோகசபைக்குப் போய், கட்சித் தாவல் தடைச் சட்டத்தினால் பதவியிழந்த முதல் அங்கத்தினர் என்ற பெயரும் பெற்றவர். டில்லியின் சுபாவம் தெரிந்தவர் ஆகையால் கோபத்தைக் காட்டாமல் காரியத்தைச் சாதிப்பார் என்பது கட்சிக்காரர்களின் நம்பிக்கை.

அடுத்து எழுந்தவர் மிஸோ தேசிய முன்னணியைச் சேர்ந்த முதியவர். அவர் பேச ஆரம்பித்ததும் மண்டபத்தின் பின் வரிசையில் இருந்த பிள்ளைகள் கூடப் பேச்சை நிறுத்தினார்கள். 1966 மார்ச்சில் அவருடைய கட்சி சுதந்திரப் பிரகடனம் செய்ததும், இந்திய விமானங்கள் ஐஸ்வாலின் மேல் குண்டு போட்டதும், பிறகு இருபது வருஷம் காடும் மலையுமாகத் திரிந்ததும், 1986 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் நம் பாடப்புத்தகங்களில் இரண்டு வரிகூடப் பெறாத விஷயங்கள். இங்கே அவை ஒவ்வொரு குடும்பத்தின் கதை. எல்லையாக ஓடுகிற தியாவ் ஆற்றை நினைத்து முதியவர் சொன்னது இதுதான்: "நாங்கள் ஓடியபோது ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்கள் எங்களிடம் சீட்டுக் கேட்கவில்லை. சோறு போட்டார்கள். இன்று அவர்கள் ஓடி வருகிறார்கள். நாம் விரல் ரேகை கேட்கிறோம்." அவ்வளவுதான். குறித்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

அக்கரையிலிருந்து இங்கே வருவதாக அவர் சொன்ன ஓட்டம் 2021 பிப்ரவரி முதல் தேதியன்று பர்மிய ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வந்தது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சின் ஜனங்கள் மிஸோரத்துக்குள் வந்து தங்கினார்கள். வருகிறவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்புமாறு மத்திய அரசாங்கம் எல்லை ராஜ்யங்களுக்கு எழுதியது. அப்போது முதல் மந்திரியாக இருந்த ஸோராம்தங்கா, காட்டு வாழ்க்கைக் காலத்தில் மிஸோ தேசிய முன்னணித் தலைவர் லால்தெங்காவின் காரியதரிசியாக இருந்தவர், தங்கள் இரத்த பந்துக்கள் துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டு மிஸோரம் சும்மா இருக்க முடியாது என்ற கருத்தில் பிரதம மந்திரிக்கே கடிதம் எழுதினார். அரிசியும் தகரமும் கம்பளியும் தேவாலயங்களிலிருந்தும் இளைஞர் சங்கங்களிலிருந்தும் வந்தன. ஒரு சிறிய, வரவு குறைந்த ராஜ்யம் இதைச் செய்தது என்பதை நான் இலேசாகக் கடந்து போக விரும்பவில்லை.

ஆனால் கூட்டத்தில் இருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து கேட்ட கேள்விதான் அன்றைய வாதத்தின் மையம். 2003-இல் நடந்ததை யாரும் பேசவில்லையே என்றார் அவர். அந்த வருஷம், பர்மாவிலிருந்து வந்த ஒருவன் மேல் சுமத்தப்பட்ட ஒரு கொடிய குற்றத்தை முன்னிட்டு, இதே மிஸோரத்தில், இதே சங்கங்களின் முன்னிலையில், ஆயிரக்கணக்கான சின் ஜனங்கள் வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டு ஆற்றைக் கடந்து போகும்படி நேர்ந்தது. அப்போது பந்துக்களாக இல்லாதவர்கள் இப்போது பந்துக்களானது எப்படி? அவர் கேட்டதில் குரோதம் இல்லை. நெய்த துணி வாங்கி விற்கிறவராம், அக்கரையில் இருந்து நூலும் துணியும் கொண்டுவருகிற பெண்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்களாம். பெஞ்சியில் இருந்த நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பதில் சொன்னவர் முதியவர். "சகோதரன் வீட்டில் சண்டை போட்டால் கதவைச் சாத்துகிறோம்; அதற்காகத் தெருவில் இருப்பவன் வந்து பூட்டுப் போடலாமா?" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. கேள்விக்கு அது பதில் அல்ல என்று எனக்குத் தோன்றிற்று. பெண்மணிக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும், அவர் கை தட்டவில்லை.

பாரதிய ஜனதாக் கட்சியின் உள்ளூர்க்காரர் அதிகம் பேசவில்லை. சீட்டு என்பது அவமானம் அல்ல, சீட்டு இருந்தால் போலீஸ்காரன் கை வைக்கமாட்டான் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். காங்கிரஸ்காரர் 1986 ஒப்பந்தத்தைத் தங்கள் கட்சி செய்ததென்று நினைவூட்டினார். விதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, வெளியே தணலைச் சுற்றி நின்றவர்களிடம், என் சட்டைப் பையில் இருந்த ஐ.எல்.பி. சீட்டை எடுத்துக் காட்டினேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிற என்னிடம் சீட்டுக் கேட்கிற நீங்கள், உங்கள் அத்தை மகனிடம் டில்லி சீட்டுக் கேட்டால் ஆக்ஷேபிக்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர்களும் சிரித்தார்கள், ஆனால் பதில் தயாராக இருந்தது. நீங்கள் கோடிக்கணக்கானவர்கள், நாங்கள் பத்து லட்சத்துச் சொச்சம். சிறியவன் தன் வாசலில் கேட்கிற சீட்டும், பெரியவன் சிறியவனின் வீட்டுக் கூடத்தின் குறுக்கே கயிறு கட்டிக் கேட்கிற சீட்டும் ஒன்றல்ல என்றார் இளைஞர். ஐஸ்வாலை விட்டு வந்ததிலிருந்து அவர் பேசியதில் இதுதான் சிறந்தது. மேடையில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று ஆசிரியர் கேட்டார். கேள்வி எங்கே கோடு இருக்கிறது என்பது அல்ல, அதை யார் கையால் போட்டது என்பதுதான் என்று எனக்கு அந்தக் குளிரில் விளங்கிற்று. அதை ஒப்புக்கொண்டாலும், 1873-ஆம் வருஷத்துக் கோட்டைப் போட்டதும் அதே வெள்ளைக்காரன் கைதான் என்பதை மறக்க முடியவில்லை. இவர்களுக்கு அனுகூலமான கோடு பாரம்பரியமாகிவிட்டது, பிரதிகூலமான கோடு அநியாயமாக நிற்கிறது. இது மிஸோக்களின் தனிக் குணம் என்று எவரும் எண்ண வேண்டாம். எல்லா ஜனங்களும் இப்படித்தான்.

மறுநாள் ஸோகவ்தாருக்குப் போனோம். சம்பாயிலிருந்து 28 கிலோமீட்டர் இறக்கம். தெரு முழுவதும் கடைகள். கடைகளில் பர்மிய பிஸ்கோத்து, பர்மியச் செருப்பு, தாய்லாந்துக் குடை. தெரு முடிகிற இடத்தில் தியாவ் ஆற்றின் மேல் இரும்புப் பாலம். ஜனவரியில் ஆறு மெலிந்து, கற்களுக்கு நடுவே கணுக்கால் நனைய ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் சீட்டுச் சோதனை. பாலத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு பிள்ளைகள் கால்சட்டையை மடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய், எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததை நானும் பார்த்தேன், துப்பாக்கியுடன் நின்ற ஜவானும் பார்த்தார். சட்டப்படி அக்கரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது.

என் பையில் பாஸ்போர்ட் இருந்தது. 2018 மே மாதத்தில் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட நிலவழி எல்லைக் கடப்பு உடன்படிக்கையின்படி, அதே வருஷம் ஆகஸ்டு 8-ஆம் தேதி, மணிப்பூரின் மோரேயும் இந்த ஸோகவ்தாரும் பாஸ்போர்ட்டும் விசாவும் கொண்டு எவரும் கடக்கக்கூடிய சர்வதேச வாசல்களாகத் திறக்கப்பட்டன. ஆனால் 2023 நவம்பரில் சின் போராளிகள் அக்கரையில் இருந்த ராணுவ முகாம்களைத் தாக்கிப் பிடித்துவிட்டார்கள். அங்கிருந்த பர்மிய வீரர்களே ஆற்றைக் கடந்து மிஸோரத்தில் தஞ்சம் புகுந்து, பிறகு விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, எல்லைச் சீட்டும் இல்லை. ஆகையால் என்னுடைய பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்கு, உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அரசாங்கத்தின் ஆள் ஒருவர் கூட எதிர்க்கரையில் இல்லை. இரண்டு தரப்பார் செய்த உடன்படிக்கையில் ஒரு தரப்பு பாலத்தின் அந்தக் கோடியை விட்டுப் போய்விட்ட பிறகு, புதிய விதி யாரோடு ஒத்துப்போகிறது என்பதை ஐஸ்வாலிலும் டில்லியிலும் எவரும் விவாதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸோகவ்தாரில் தேநீர்க்கடைக்காரர்கள் விவாதிக்கிறார்கள்.

பாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், அக்கரை மலை மடிப்புக்குள், ரிஹ் தில் என்ற ஏரி இருக்கிறது. மிஸோரத்தின் மிகப் பெரிய ஏரி பர்மாவில் இருக்கிறது என்று மிஸோக்கள் வேடிக்கையாகச் சொல்லுவார்கள். வேடிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. இறந்தவருடைய ஆத்மா அந்த ஏரியைக் கடந்து, திரும்பிப் பார்க்கும் ஆசையை ஒழிக்கிற மலரைச் சூடி, ஏக்கத்தைத் தீர்க்கிற ஊற்றுநீரைக் குடித்து, இறந்தோர் ஊருக்குப் போகிறது என்பது 1894-இல் முதல் பாதிரிமார்கள் ஐஸ்வால் வருவதற்கு முன் இவர்களுடைய பாட்டன்மார் கொண்டிருந்த கொள்கை. இன்று அநேகமாக எல்லோரும் கிறிஸ்தவர்கள். ஆத்மா வேறு வழியாகப் போகிறது. ஆயினும் ஏரியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. முன்பெல்லாம் அடையாளச் சீட்டைக் காட்டி, சொற்பத் தொகை செலுத்திவிட்டு, குடும்பத்தோடு போய்ச் சோறு உண்டு மாலையில் திரும்புவார்களாம். ஆசிரியர் தம் கல்யாணம் முடிந்த வாரம் மனைவியோடு போனதைப் பற்றிச் சொன்னார். எந்த வருஷம் என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்தது.

வேலி வேண்டும் என்பவர்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஸோகவ்தார் என்ற பெயர் செய்தித்தாளில் வருகிற போதெல்லாம் பெரும்பாலும் ஹெராயினோ மெத்தம்ஃபெட்டமின் மாத்திரையோ பிடிபட்ட செய்தியாகத்தான் வருகிறது. ஹெராயின் சோப்புப் பெட்டிகளில் அடைத்து வருகிறது. மிஸோ இளைஞர்கள் அதனால் செத்திருக்கிறார்கள். இளைஞர் சங்கமே அதற்கு எதிராக இரவு காவல் போடுகிறது. அவ்வாறிருந்தும் கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னதை மறுக்க முடியவில்லை: சோப்புப் பெட்டி கொண்டுவருகிறவன் முதலில் போய்ச் சீட்டு வாங்குவான், அவனிடம்தான் எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கும், பேறுகாலத்துப் பெண்ணிடம்தான் இராது.

இதே விதியை மணிப்பூரில் வேறு விதமாகப் படிக்கிறார்கள். 2023 மே 3-ஆம் தேதி மெய்தெய்களுக்கும் குக்கிகளுக்கும் நடுவே கலவரம் மூண்ட பிறகு, அப்போது முதல் மந்திரியாக இருந்த பீரேன் சிங், எல்லைப் போக்குவரத்து ஏற்பாட்டை ரத்து செய்ய வேண்டும் என்று வற்புறுத்திவந்தார். குக்கி மலைவாசிகளோ ரத்தை எதிர்த்தார்கள். நாகாலாந்து சட்டசபை 2024 மார்ச் முதல் தேதியன்று மிஸோரத்தைப் போலவே எதிர்த்துத் தீர்மானம் செய்தது. அங்கே ஆளும் கூட்டணியில் பாரதிய ஜனதாவும் அங்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். மோரேயில் வாழ்கிற நம் தமிழர்களை, பர்மாவில் 1962-க்குப் பிறகு வியாபாரம் பறிபோய்த் திரும்பி, மறுபடியும் பர்மாவின் வாசலிலேயே வந்து குடியேறியவர்களை, இந்த விஷயத்தில் எவரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. மலைஜாதியார் அல்லர் ஆகையால் பழைய விதியில் அவர்களுக்கு இடம் இல்லை.

திரும்புகிற வழியில் ஆசிரியர் தம் உண்மையான கவலையை வெளியிட்டார். பேத்திக்கு மார்ச் மாதம் சம்பாய் தேவாலயத்தில் கல்யாணம். ஆசிரியருடைய தாயாரின் தம்பி குடும்பம் சின் மலையில் ஃபாலம் ஊரில் இருக்கிறது. அது எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள்ளும் இல்லை, 16-க்குள்ளும் இல்லை. பழைய விதி இருந்த காலத்திலேயே அவர்கள் வருவதற்குச் சட்டத்தில் வழி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், யாரும் கிலோமீட்டர் எண்ணவில்லை. இப்போது எண்ணுகிற யந்திரம் வந்துவிட்டது. அத்தனை நேரம் முன் ஆசனத்தில் தூங்குவது போல் இருந்த இளைஞர் இதைக் கேட்டதும் விழித்துக்கொண்டு, தேர்தலில் தாம் ஜெயித்தால் கிராம சபையின் முத்திரையோடு ஒரு கடிதம் தருவதாகவும், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் அதிகாரியிடம் தாமே நேரில் பேசுவதாகவும் வாக்களித்தார்.

"நல்லது," என்றார் ஆசிரியர். பிறகு என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், மிஸோ தேசிய முன்னணி வேட்பாளரிடமும் அதே கடிதத்தை நேற்றைக்கே கேட்டு வைத்தாயிற்று என்று தெரிவித்தார். இளைஞருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.